முதல் போகத்தைத் தரிசாக விடுங்கள்: டெல்டாவில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு

காலை ஒன்பது மணி பஸ்ஸை நினைத்தாலே சலிப்பு. பழகிய ஃபைலைக் கையில் எடுத்தால் ஒரு வரி ஓடுவதில்லை. ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் தானாக எண்ணுகிறது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவருக்கு இப்படி இருந்தால், விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை (வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மூன்று மாதச் சராசரி), தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, ரத்த அழுத்தம். இவற்றில் ஏதாவது கோளாறு இருந்தால் உடம்பு சோர்ந்துபோகும். அந்தச் சோர்வை வேலையின் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு பலர் கடிதம் எழுதிவிடுகிறார்கள்.

உடம்பு சரியாக இருக்கிறதென்றால் அடுத்தது பத்து நாள் விடுப்பு. கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாத பத்து நாளாகப் பார்த்துப் போடுங்கள். ஆபீஸ் போன் வந்தால் எடுக்காதீர்கள். ஐந்தாறு நாளில் தூக்கம் ஒழுங்காகி, திங்கட்கிழமை போகலாமே என்று தோன்றினால் அது வெறும் களைப்பு. வருஷத்துக்கு இரண்டு முறை இப்படி விடுப்பு எடுத்தே ஓய்வு வயது வரை ஓட்டிவிடலாம். பத்தாவது நாளும் நெஞ்சு கனத்தால் மேலதிகாரியா, இடமா, வேலையேதானா என்று பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் இடமாறுதலில் வழி உண்டு. மூன்றாவதுதான் விருப்ப ஓய்வுக்குக் காரணம். தமிழக அரசுப் பணியில் அதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் 30 வருஷத் தகுதிப் பணிக்குத்தான். அதற்குக் குறைந்தால் விகிதப்படி குறையும். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம் கிடையாது என்பதால் அவர்கள் கணக்கே வேறு. எந்தத் திட்டமானாலும் தொகையை எழுத்தில் போட்டு வாங்கிய பிறகே கடிதம். வாய்க்கணக்கை நம்பிப் போனவர்கள் மாதாமாதம் இரண்டாயிரம் மூவாயிரம் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தாள்கள்: ஒன்றரை வருஷம் முன்னாலேயே

ஓய்வு பெறும் தேதியில் பலருக்கு ஒரு குழப்பம். பிறந்த மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். தமிழக அரசில் வயது 2021 முதல் 60.

பணிப்பதிவேட்டை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கையில் வாங்கி, பக்கம் பக்கமாக நீங்களே உட்கார்ந்து பாருங்கள். பணிக்காலச் சரிபார்ப்புக் கையெழுத்து விடுபட்ட வருஷங்கள், மாறுதலில் போன இடத்தில் பதியாத விடுப்பு, தேர்வுநிலைக்கான ஊதிய நிர்ணய உத்தரவு காணாமல் போனது என்று மூன்று ஓட்டைகள் வழக்கமாக இருக்கும். பழைய ஆபீஸ் திருத்துறைப்பூண்டியிலோ சீர்காழியிலோ இருந்தால் ஒரு கையெழுத்துக்கு இரண்டு மூன்று நடை ஆகும். கடைசி மூன்று மாதத்தில் இந்த நடையை வைத்துக்கொண்டால் ஓய்வூதிய ஆணை வரத் தாமதமாகும்.

பெயர் விஷயத்தில் கூர்மையாக இருங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு, பணிப்பதிவேடு எல்லாவற்றிலும் இனிஷியலும் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் பெயரைவிட மனைவி அல்லது கணவர் பெயரில்தான் சிக்கல் அதிகம் வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்துவிட்டால், பின்னால் குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டிய நேரத்தில் தனியாக நிற்கிற அந்த ஆளுக்குத்தான் அலைச்சல். ஓய்வூதியக் கணக்கை இருவர் பெயரிலும், யாராவது ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் வையுங்கள். சம்பளக் கடன், கூட்டுறவு சங்கக் கடன், வீட்டுக்கடன் மூன்றுக்கும் நிலுவையின்மைச் சான்று வாங்கி ஒரே கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் வேலைக்காரர்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பார்க்க வேண்டியது இரண்டு. முன்பு வேலை பார்த்த கம்பெனிகளின் கணக்கெல்லாம் ஒரே எண்ணுக்குக் கீழ் வந்துவிட்டதா? ஒவ்வொன்றிலும் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா? மொத்தம் பத்து வருஷப் பணி இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு, படிவம் 10டி. தொகை சின்னதுதான், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தொகுத்துப் பெறுதல் பற்றி ஒரு வார்த்தை. தமிழக அரசு ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தமாக வாங்கலாம். அந்தப் பங்கு 15 வருஷம் கழித்துத்தான் திரும்பச் சேரும். அகவிலைப்படி முழு ஓய்வூதியத்தின் மேல்தான் கணக்காகும் என்பதால் அதில் நஷ்டமில்லை. கடன் அடைக்கவோ பாதுகாப்பான சேமிப்பில் போடவோ என்றால் வாங்கலாம். தம்பி மகன் தொழில் தொடங்குகிறான் என்பதற்காக என்றால் வேண்டாம்.

பத்தாயத்தை மூன்றாகப் பிரிப்பது

பெரியவர்கள் பத்தாயத்து நெல்லைச் சாப்பாட்டு நெல், செலவுக்கு விற்கிற நெல், விதைநெல் என்று மூன்றாகவே பார்த்தார்கள். பணிக்கொடை, விடுப்புச் சரண், தொகுப்புத் தொகை என்று ஒரே வாரத்தில் வங்கியில் விழுகிற பணத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு நெல் என்பது ஆறு மாத வீட்டுச் செலவு. முதல் ஓய்வூதியம் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். மாதம் 40,000 செலவாகிற வீடு என்றால் 2,40,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும் வையுங்கள்.

விற்கிற நெல், ஓய்வூதியத்துக்கும் செலவுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை நிரப்புவது. ஓய்வூதியம் 34,000, செலவு 42,000 என்றால் மாதம் 8,000 பள்ளம். தபால் ஆபீஸிலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 12 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 24,600 ரூபாய் வரும். மாதத்துக்கு 8,200, பள்ளம் அடைந்தது. உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வந்த வீதம் இது. அரசு காலாண்டுக்கொரு முறை மாற்றலாம். ஆனால் நீங்கள் போட்ட அன்று இருந்த வீதம் ஐந்து வருஷத்துக்கும் நிற்கும். ஒரு வருஷத்துக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதமும் அதற்குப் பிறகு ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். அதனால் 12 லட்சத்தை ஒரே கணக்கில் போடாமல் மூன்று கணக்காகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் வரிப்பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் மறக்காமல் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால் பிடித்த பணத்தைக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும்.

மிச்சமெல்லாம் விதைநெல். அதை ஒன்று, இரண்டு, மூன்று வருஷ வைப்புகளாகப் படிவைத்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சத்துக்குத்தான் வைப்புக் காப்பீடு. ஊர்ச் சொசைட்டி என்று நாம் சொல்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்து வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது. நகைக்கடைச் சீட்டு, நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வீடு தேடி வருகிற ஃபைனான்ஸ், மரம் வளர்ப்புத் திட்டம் எல்லாம் ஓய்வு பெற்ற ஆறு மாதத்துக்குள் உங்கள் வாசலுக்கு வரும். யாருக்குப் பணம் வந்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். போலீஸ் பேசுவதாக வீடியோ அழைப்பில் மிரட்டி, டிஜிட்டல் கைது என்று சொல்லிப் பணம் பறிக்கிறவர்களும் பென்ஷன்காரர்களைத்தான் குறிவைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பணம் போய்விட்டாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

முதல் வருஷம் ஒன்றும் வாங்காதீர்கள்

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெறுகிறவர் சறுக்குகிற இடம் நிலம்தான். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் சலித்தவர், சால்வையை மடித்து வைத்த மறுவாரமே குத்தகைக்கு விட்ட நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார், போர் போடுகிறார், கடனில் டிராக்டர் எடுக்கிறார். அடுத்த ஐப்பசி மழையில் குறுவைக் கதிர் சாய்ந்து, நெல் 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காயாமல், கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே தூங்கிக்கொண்டிருப்பார். ஆபீஸில் இல்லாத ரத்த அழுத்தம் அங்கே வரும். நிலம் குறைச்சலான காரியம் என்பதல்ல. சலித்த மனசோடு எடுக்கிற முடிவு அரைகுறையாக இருக்கும், அவ்வளவுதான்.

மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது ஒரு பாசன வருஷம். அந்த ஒரு சுற்று முழுக்க நிலம், வீடு, வண்டி, தொழில் எதுவும் வாங்காமல் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியமும் தயாராக இருக்கட்டும்: "அடுத்த ஆடிக்குத்தான் எதுவும்." கடன் கேட்டு வருகிற சொந்தக்காரருக்கும் இதே பதில்.

அதற்குப் பதிலாக நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் இரவு இரண்டே வரி: இன்று எவ்வளவு செலவு, எங்கே நேரம் போனது. விளக்கம் வேண்டாம். "வாய்க்கால் கரை, நூலகம், 340" என்றால் போதும். இந்த நோட்டுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

வீட்டுக்குள்

ஆபீஸ் போகும்வரை வீட்டில் மூன்று காபி, ஒரு டப்பா. நீங்கள் வீட்டில் உட்கார்ந்ததும் ஐந்து காபி, பதினொரு மணிக்கு ஏதாவது, பன்னிரண்டரைக்குச் சூடாகச் சாப்பாடு. சமைக்கிறவருக்கு உங்கள் ஓய்வு வேலைக் கூடுதலாகத்தான் வந்து சேர்கிறது. முதல் மாதமே இரண்டு காரியத்தை நிரந்தரமாக உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளுங்கள். விடிகாலைக் காபி ஒன்று, காய்கறி வாங்கி நறுக்குவது ஒன்று. இரண்டு பேருக்கு ஃபில்டரில் மூன்று குவித்த மேசைக்கரண்டித் தூள், கொதிக்கிற தண்ணீர் 150 மில்லி, லேசாக அழுத்தி இருபது நிமிஷம். சூடு ஆறின தண்ணீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் வெளிறிப்போகும். தூளைக் கெட்டியாக அமுக்கினால் இறங்கவே இறங்காது. சமையல்கட்டில் டப்பாக்களை இடம் மாற்றி ஒழுங்கு செய்கிற ஆசை வரும். அதை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு வேறு கதை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரை, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற மகள் பேரனைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுவாள். போங்கள், ஆனால் போகும்போதே திரும்பி வர டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆகவே இரண்டு மாதம் என்பதே இயல்பான கெடு. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதோடு சரி. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. முன்பதிவில் வயதைச் சரியாகப் போட்டு, கீழ்ப் படுக்கை என்பதையும் குறிக்க வேண்டும்.

கொல்லையில் மூன்று பாத்தி

கை சும்மா இருக்காது என்கிறவர்களுக்குக் கொல்லை போதும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதில் பாதி தொடக்கத்துக்குத் தாராளம்.

பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் மூன்று பாத்தி. அகலம் மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாமல் பாத்திக்குள் மிதிக்க வேண்டி வரும். நம் களிமண் ஒரு முறை மிதித்தால் கல்லாகிவிடும். உயரம் ஒரு முழம். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், ஆடியில் நடுகிறபோது தரைமட்டப் பாத்தி அழகாகத்தான் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் தண்ணீர் கட்டினால் கத்தரி வேர் அழுகிச் செடி நின்றபடியே வாடும். பாத்திகளுக்கு நடுவில் ஒன்றரை அடி நடை; அதை வாசல் சாக்கடைப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ சாய்வாக வெட்டிவிட்டால் அதுவே வடிகால்.

ஒரு பாத்திக்கு மக்கிய சாணி எரு 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ, களி ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஆற்று மணல் நாலைந்து சட்டி, கருக்கிய உமி இரண்டு சட்டி. பச்சைச் சாணியைப் போடாதீர்கள். சூட்டில் நாற்று கருகும், வேர்ப்புழுவும் வரும். கொத்திக் கலந்து பத்து நாள் ஆறப்போட்டு, ஆடிப் பெருக்கை ஒட்டி நடலாம். கத்தரி இரண்டடிக்கு ஒன்று. வெண்டை ஒன்றரை அடி வரிசை, செடிக்குச் செடி ஒரு அடி. மூன்றாவது பாத்தியில் புடலோ பீர்க்கோ ஊன்றி ஆறடி உயரத்தில் மூங்கில் பந்தல். குனிந்து பந்தலுக்குள் நுழைகிற உயரத்தில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள் பலர்.

அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயந்திரம் அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் இருக்கிறது. வாடின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி எரித்துவிடுங்கள், மருந்து தேவையில்லை. கீரையை மழைக்காலத்தில் விதைத்து ஏமாறாதீர்கள். தை பிறந்ததும் போட்டால் 25 நாளில் பறிக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர்ப் பரிசோதனை.

ஊர் சுற்றல்

ஓய்வுக்கு மேல் கிடைக்கிற பெரிய சொத்து வாரநாள். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் கோயில்களில் நிற்க இடமிருக்காது. செவ்வாய் அல்லது புதன், சாயந்திரம் நடை திறக்கிற நாலு மணிக்குப் போனால் பிரகாரத்தில் நீங்களும் புறாக்களும்தான். பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடும் என்பதால் காலை பதினொன்றரைக்குப் போய் இறங்கி அலையாதீர்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால், தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரையில் கார்த்திகை முதல் மாசி வரை வந்து தங்குகிற பறவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். நவக்கிரக ஸ்தலம் ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் முடிக்கிற கணக்கு ஆபீஸ்காரர்களுக்கு. உங்களுக்கு மாதம் ஒன்று போதும், ஒன்பது மாதம் ஓடும்.

திருவாரூர் ஆழித்தேருக்கும், ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்கான கடைமுகத்துக்கு மயிலாடுதுறைக்கும் போகிறவர்கள் முதல் நாளே போய்த் தங்குங்கள். 2016-க்குப் பிறகு கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல். குளத்துக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று முழங்கால் வலிக்காரர்கள் தீர்த்தவாரி நாளன்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். உற்சவம் பத்து நாள், கூட்டம் குறைந்த நாள் பார்த்துக் குளிக்கலாம்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூத்த குடிமக்களுக்கான இலவச டோக்கன் சென்னை மாநகரப் பேருந்துக்கு மட்டும்தான். இங்கே கண்டக்டரிடம் அதைக் கேட்டு வாக்குவாதம் செய்து பயனில்லை.

மழையும் உடம்பும்

நடைப்பயிற்சிக்கு வாய்க்கால் கரை நல்ல இடம், வெளிச்சம் வந்த பிறகு. விடியுமுன் போவதானால் டார்ச்சும் கம்பும் வேண்டும். அறுப்பு நடக்கிற மாசத்தில் எலியைத் தேடி விரியன் கரைக்கு வரும். சர்க்கரை உள்ளவர்கள் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். வெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறும், காலில் உணர்ச்சி குறைந்தவருக்குப் புண் வந்ததே தெரியாது. முற்றமும் கிணற்றடியும் ஐப்பசியிலேயே பாசி பிடித்துவிடும். வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். அறுபதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம், பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி ஒன்றாம் தேதிக்குள் ஒரு மாத மாத்திரை, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஓய்வூதிய ஆணையும் பத்திரங்களும் போட்ட தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி தயாராக இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கரன்ட் போனால் மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை, நடுவில் ஈர மணல் என்று வைத்துச் சமாளிக்கலாம். மருந்துப் பெட்டியில் நேராகத் தண்ணீர் படக்கூடாது. ஓய்வூதியர் காப்பீட்டில் எந்த ஆஸ்பத்திரி எந்தச் சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்டது என்ற பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சொத்தை எழுதுவது

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிந்தால் பிற்பாடு தகராறு குறையும். சாட்சிகள் இரண்டு பேர், சொத்து வாங்குகிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது. மனசு மாறினால் புதிய உயில் எழுதலாம். தான செட்டில்மென்ட் அப்படியல்ல, எழுதியதும் வீடு கைமாறிவிடும். பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் குடியிருக்கிற வீட்டைச் செட்டில்மென்ட் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால், ஆயுள்வரை குடியிருக்கிற உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் போகிறபோது அந்த ஒரு வரிதான் துணைக்கு நிற்கும். விவரம் கேட்க மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.

வருஷம் திரும்பும்போது

தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டுகிற வருஷாந்திர நேர்காணல் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில். கருவூலத்துக்கு நடக்க முடியாதவர்கள் முகம் காட்டி போனிலேயே உயிர்வாழ்ச் சான்று கொடுக்கலாம், அல்லது தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லி 70 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாம். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகம் காட்டுகிற முறைதான் ஒத்துவரும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். சான்று ஏற்கப்பட்டதா என்று குறுஞ்செய்தி வரும்வரை வேலை முடியவில்லை.

அன்று சாயந்திரம் அந்த நூறு பக்க நோட்டை எடுங்கள். செலவை மாதவாரியாகக் கூட்டி, பத்தாயத்துக் கணக்கைச் சரிசெய்யுங்கள். பிறகு இடத்தின் பெயர்களை எண்ணுங்கள். கொல்லையும் வயல் வரப்பும் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வந்திருந்தால் உங்களுக்கு நிலம் ஒத்துவரும். வரவில்லையென்றால் குத்தகைக்காரரிடமே இருக்கட்டும். 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது என்பதும் ஞாபகமிருக்கட்டும். பேசித்தான் வாங்க வேண்டும், அதையும் அறுப்பு முடிந்த பிறகு.

ஒத்துவருகிறவர்களுக்கும் முதலில் ஒரே ஒரு மா. அதாவது 33 சென்ட், அதிலும் நெல்லை விட்டுவிட்டு உளுந்து. சம்பா அறுக்கிற வயலில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதை தெளிக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதியணும், தண்ணீர் ஊறக்கூடாது, அதுதான் பதம். ஆடுதுறை 3 ரகம், மாவுக்கு 4 கிலோ, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (அழுகல் நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சைத் தூள்) கலந்து. ஈரம் அதிகமானால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. அறுப்பு இயந்திரம் செயின் வண்டியாக இருக்கட்டும். டயர் வண்டி போன தடத்தில் முளை செத்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் கட்டுகிற வேலை கிடையாது. மேட்டூரும் மூடியாகிவிட்டது, மண் ஈரத்திலும் தை மாசிப் பனியிலும் செடி வந்துவிடும். இலை மஞ்சள் தேமலாகத் திட்டுத் திட்டாக வெளுத்தால் அந்தச் செடியைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும், வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். பூ எடுக்கிறபோது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை இரண்டு சத டிஏபி உரக் கரைசல்: பத்து லிட்டர் டேங்குக்கு 200 கிராம், முதல் நாள் இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறப்போட்டுத் தெளிவை மட்டும் வடித்து ஊற்ற வேண்டும். வண்டலோடு ஊற்றினால் நாசில் அடைத்துக்கொண்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து குண்டூசியால் குத்திக்கொண்டிருப்பீர்கள். எழுபது எழுபத்தைந்து நாளில் காய் கறுக்கும். மாவுக்கு எழுபதிலிருந்து நூறு கிலோ வந்தால் நல்ல வெள்ளாமை. பத்து கிலோவை வீட்டு இட்லிக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த தைக்கு நாலு கிலோவைச் சாம்பல் கலந்து பானையில் கட்டி வையுங்கள்.